பூட்டிய ஹாட்ஸ்பாட்: திறந்தால் மட்டும் போதுமா?

பூட்டு என்றதும் திண்டுக்கல் நம் நினைவுக்கு வரும். இரும்பும் பித்தளையும் நெம்புகளும் சேர்ந்த பூட்டு அது. இரும்பு சிறிதும் இல்லாத, கண்ணுக்கே தெரியாத பூட்டு ஒன்றும் இன்று பல வீடுகளில் இருக்கிறது. வெறும் எண்களால் ஆன அந்தப் பூட்டைப் பற்றி இங்கே பார்ப்போம்.

அமெரிக்காவில் வேலை பார்க்கும் உங்கள் அண்ணன் விடுமுறைக்கு ஊருக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கே தாம் பயன்படுத்திய ஹாட்ஸ்பாட் கருவி ஒன்றை, “உன் படிப்புக்கு உதவும்” என்று உங்களிடம் தருகிறார். உள்ளங்கையில் அடங்கும் சிறு கருவி. நீங்களும் ஆவலோடு ஒரு சிம் வாங்கி அதில் செருகுகிறீர்கள். ‘இந்தச் சிம் செல்லாது’ என்கிறது கருவியின் சிறு திரை. அதே சிம் அம்மாவின் கைபேசியில் நன்றாக வேலை செய்கிறது. கருவியும் புத்தம்புதிது போலத்தான் இருக்கிறது. கடைத்தெருவில் விசாரித்தால், “ஆயிரம் ரூபாய் கொடுங்கள், அன்லாக் செய்து தருகிறேன்” என்கிறார் ஒருவர்.

கொடுக்கலாமா? இதற்கு விடை சொல்ல இரண்டு கேள்விகளைக் கேட்க வேண்டும். இந்தப் பூட்டு எப்படி வேலை செய்கிறது என்பது முதல் கேள்வி. பூட்டைத் திறந்த பிறகு நம் ஊர்க் கோபுரத்தின் அலைகள் இந்தக் கருவிக்குக் கேட்குமா என்பது இரண்டாவது. பெரும்பாலோர் முதல் கேள்வியோடு நின்றுவிடுகிறார்கள். பணம் வீணாவது இரண்டாவது கேள்வியைக் கேட்காததால்தான்.

கருவிக்குள் இரண்டு வானொலிகள்

ஹாட்ஸ்பாட் கருவிக்குள் இரண்டு சிறு வானொலி நிலையங்கள் இருக்கின்றன. ஒன்று தொலைவிலுள்ள கைபேசிக் கோபுரத்தோடு பேசும். மற்றொன்று வீட்டுக்குள் இருக்கும் கணினியோடும் கைபேசியோடும் வைஃபை அலைகளால் பேசும். கோபுரம் தந்த செய்தியை வீட்டுக்குள்ளும், வீட்டுச் செய்தியைக் கோபுரத்துக்கும் எடுத்துச் செல்லும் தூதுவன் இந்தக் கருவி எனலாம்.

வைஃபை பக்கம் பூட்டு எதுவும் இல்லை. பூட்டு இருப்பது கோபுரத்தோடு பேசும் பக்கத்தில்தான்.

எண்களால் ஒரு பூட்டு

நாம் செருகும் சிம் வெறும் அட்டைத் துண்டு அன்று. அது ஒரு நுண்ணிய கணினி. அதனுள் பொதுவாக 15 இலக்கங்கள் கொண்ட ஓர் அடையாள எண் பதிவாகியிருக்கும். ஐ.எம்.எஸ்.ஐ. எண் என்பது அதன் பெயர். நம் கைபேசி எண் வேறு, இது வேறு.

இந்த எண்ணின் முதல் 3 இலக்கங்கள் நாட்டைக் குறிக்கும். இந்தியாவுக்கு 404, 405; இலங்கைக்கு 413; மலேசியாவுக்கு 502; சிங்கப்பூருக்கு 525; அமெரிக்காவுக்கு 310 முதலானவை. அடுத்த 2 அல்லது 3 இலக்கங்கள் நிறுவனத்தைக் குறிக்கும். எஞ்சியவை வாடிக்கையாளருக்கு உரியவை.

கருவியை இயக்கியதும் அது சிம்மிடம் இந்த எண்ணைக் கேட்டு வாங்குகிறது. அதன் முதல் 5 அல்லது 6 இலக்கங்களைத் தன் நினைவகத்திலுள்ள பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கிறது. பொருந்தினால் கோபுரத்தை நாடும். பொருந்தாவிட்டால் அங்கேயே நின்றுவிடும். பூட்டு என்பது அடிப்படையில் இந்த ஒப்பீடுதான். அமெரிக்க நிறுவனத்தின் எண்ணை எதிர்பார்த்த கருவிக்கு, 404 என்று தொடங்கும் உங்கள் சிம் அந்நியமாகத் தெரிகிறது.

ஏன் பூட்டுகிறார்கள்? பல நாடுகளில் நிறுவனங்கள் கருவியை அடக்க விலைக்கும் குறைவாகவோ தவணை முறையிலோ விற்கின்றன. அந்தப் பணத்தை மாதச் சந்தாவின் வழியே திரும்பப் பெறுகின்றன. வாங்கியவர் மறுநாளே வேறு நிறுவனத்துக்குப் போய்விடாமல் தடுப்பதற்காக இந்தப் பூட்டு. நம் நாட்டிலும் 2016-இல் விற்பனைக்கு வந்த ஜியோஃபை கருவி, ஜியோ சிம்மை மட்டும் ஏற்கும்படி அமைந்ததே. கடன் இருக்கும் வரை பூட்டு இருப்பதில் ஒரு நியாயம் உண்டு. கடன் தீர்ந்த பிறகும் பூட்டு நீடிப்பதுதான் வழக்குக்கு இடமாயிற்று.

சாவி எங்கே இருக்கிறது?

பூட்டைத் திறக்க ஓர் இரகசிய எண் வேண்டும். பல கருவிகளில் இது 8 இலக்கம் கொண்டது, சிலவற்றில் 16. வேறு நிறுவனத்தின் சிம்மைச் செருகி, கணினியின் பிரௌசர் வழியே கருவியின் அமைப்புப் பக்கத்தைத் திறந்தால், இந்த எண்ணைக் கேட்கும் கட்டம் தோன்றும். சரியான எண்ணை இட்டால், ஒப்பிடும் வேலையைக் கருவி கைவிட்டுவிடும்.

ஒவ்வொரு கருவிக்கும் சாவி வேறு. எந்தக் கருவிக்கு எந்தச் சாவி என்பதை அறிய, கருவிக்கே உரிய ஐ.எம்.இ.ஐ. என்னும் 15 இலக்க எண் பயன்படுகிறது. பெரும்பாலும் பாட்டரியின் அடியிலோ கருவியின் பின்புறத்திலோ அது அச்சிடப்பட்டிருக்கும்.

முற்காலக் கருவிகள் சிலவற்றில் சாவியை இந்த ஐ.எம்.இ.ஐ. எண்ணிலிருந்தே கணக்கிட்டு உண்டாக்கினார்கள். ரொனால்ட் ரிவெஸ்ட் என்ற அமெரிக்க அறிஞர் 1991-இல் வகுத்த ‘எம்.டி.5’ என்னும் கணக்கு முறை இதற்குப் பயன்பட்டது. ஐ.எம்.இ.ஐ. எண்ணோடு ஓர் இரகசியச் சொல்லைச் சேர்த்து அந்தக் கணக்கில் இட்டு, வரும் விடையைச் சுருக்கினால் சாவி கிடைத்துவிடும். அம்மியில் அரைத்த துவையலிலிருந்து மிளகாயைத் திரும்ப எடுக்க முடியாதது போல, விடையிலிருந்து இரகசியச் சொல்லைத் திரும்பப் பெறுவது மிகக் கடினம். ஆனால் ஒரு குறை இருந்தது. ஒரே சொல் எல்லாக் கருவிகளுக்கும் பொது. அது எப்படியோ வெளியே தெரிந்ததும் அந்த வகைக் கருவிகள் அத்தனைக்கும் சாவி கிடைத்துவிட்டது!

பூட்டின் பாதுகாப்பு, அதன் அமைப்பை மறைப்பதில் இருக்கக் கூடாது. சாவியை மறைப்பதில்தான் இருக்க வேண்டும் என்று ஆகுஸ்ட் கெர்க்காஃப்ஸ் 1883-லேயே எழுதினார். அந்தப் பாடத்தைத் தாமதமாகக் கற்ற உற்பத்தியாளர்கள், பிற்காலக் கருவிகளுக்குக் கணக்கில் அடங்காத எண்களைச் சாவியாக வைத்து, அவற்றைத் தம் பதிவேட்டில் மட்டும் காத்துவருகிறார்கள். ஆகவே புதிய கருவிகளுக்குச் சாவி கேட்க வேண்டிய இடம் கருவியை விற்ற நிறுவனமே.

“ஒவ்வோர் எண்ணாகப் போட்டுப் பார்த்தால் என்ன?” என்று நீங்கள் கேட்கலாம். 8 இலக்கங்களில் 10 கோடி எண்கள் உண்டு. பல கருவிகள் 10 முறைக்கு மேல் தவறை அனுமதிப்பதில்லை. 10 முறை முயன்றால் வெற்றி வாய்ப்பு கோடியில் ஒன்று. அதன் பிறகு சரியான சாவியை இட்டாலும் கருவி ஏற்காமல் போகலாம். ஆகவே ஊகித்து எண் இடுவதை அறவே தவிருங்கள்.

பிழை பிடிக்கும் ஒரு கணக்கு

சாவி கேட்கும்போது ஐ.எம்.இ.ஐ. எண்ணில் ஓர் இலக்கம் தவறினாலும் வேறொரு கருவியின் சாவி வந்து சேரும். ஒரு வாய்ப்பும் வீணாகும். இத்தகைய பிழையைக் கண்டுபிடிக்கவே அந்த எண்ணின் கடைசி இலக்கம் இருக்கிறது. ஹான்ஸ் பீட்டர் லூன் என்பவர் வகுத்த முறை இது. காகிதத்தில் நீங்களே செய்து பார்க்கலாம்.

எடுத்துக்காட்டாக 490154203237518 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். கடைசி இலக்கமான 8-ஐ ஒதுக்கி வையுங்கள். இடமிருந்து 2, 4, 6 என்று இரட்டைப்படை இடங்களில் உள்ள இலக்கங்களை இரட்டிப்பாக்குங்கள். அவை 9, 1, 4, 0, 2, 7, 1. இரட்டித்தால் 18, 2, 8, 0, 4, 14, 2. இரண்டு இலக்கமாக வருவதைக் கூட்டி ஒன்றாக்குங்கள்: 18 என்பது 9 ஆகும், 14 என்பது 5 ஆகும். இவற்றின் கூட்டுத்தொகை 30. ஒற்றைப்படை இடங்களில் உள்ள 4, 0, 5, 2, 3, 3, 5 ஆகியவற்றின் கூட்டுத்தொகை 22. மொத்தம் 52. அடுத்த பத்தின் மடங்கான 60-ஐ எட்ட இன்னும் 8 தேவை. ஒதுக்கி வைத்த இலக்கமும் 8 அன்றோ! எண் சரி.

ஓர் இலக்கத்தை மட்டும் தவறாக எழுதியிருந்தால் இக்கணக்கு அதைத் தப்பாமல் காட்டிக்கொடுக்கும். உங்கள் கருவியின் எண்ணை யாருக்கும் அனுப்புமுன் இப்படிச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

பூட்டு திறந்தது, காது கேட்குமா?

இனி இரண்டாவது கேள்விக்கு வருவோம். சாவி கிடைத்துப் பூட்டும் திறந்துவிட்டது என்று கொள்வோம். கருவி நம் சிம்மை ஏற்கிறது. ஆயினும் ‘சேவை இல்லை’ என்கிறது. ஏன்?

கைபேசி அலைகளுக்கு ஒவ்வொரு நாடும் சில அதிர்வெண் பட்டைகளை ஒதுக்கியிருக்கிறது. இந்தியாவில் 4ஜி சேவைக்கு 850, 900, 1800, 2100, 2300 மெகாஹெர்ட்ஸ் முதலிய பட்டைகள் பயன்படுகின்றன. இவற்றுக்குப் பட்டை எண்களும் உண்டு: முறையே 5, 8, 3, 1, 40. அமெரிக்காவிலோ 2, 4, 12, 13 முதலிய பட்டைகள் பெருவழக்கு. 5-ஆம் பட்டை இரு நாடுகளிலும் உண்டு.

3-ஆம் பட்டையையும் 4-ஆம் பட்டையையும் ஒப்பிட்டுப் பாருங்கள். நம் நாட்டின் 3-ஆம் பட்டையில் கருவி பேசுவது 1710 முதல் 1785 மெகாஹெர்ட்ஸ் வரை. கோபுரம் பதில் சொல்வது 1805 முதல் 1880 வரை. அமெரிக்காவின் 4-ஆம் பட்டையில் கருவி பேசுவது 1710 முதல் 1755 வரை. அங்கே கோபுரம் பதில் சொல்வதோ 2110 முதல் 2155 வரை. பேசும் இடம் கிட்டத்தட்ட ஒன்று. கேட்கும் இடம் முற்றிலும் வேறு. அந்தப் பட்டையை மட்டும் அறிந்த கருவி நம் 1800 மெகாஹெர்ட்ஸ் கோபுரத்தின் எதிரே இருந்தாலும், கோபுரம் சொல்வது அதற்குக் கேட்காது.

“இதையும் ஒரு சாவி எண் போட்டு மாற்றலாமே?” என்றால், முடியாது. வேண்டிய அலையை மட்டும் உள்ளே விட்டு மற்றவற்றைத் தடுக்கும் வடிப்பான்கள் கருவிக்குள் இருக்கின்றன. அழுத்தத்தால் மின்சாரம் உண்டாக்கும் படிகத் துண்டுகளால் ஆனவை அவை. அவற்றின் மேல் சீப்பின் பற்களைப் போல நுண்ணிய உலோகக் கோடுகள் இருக்கும். எந்த அதிர்வெண் உள்ளே வரும் என்பதை அக்கோடுகளுக்கு இடையிலுள்ள தூரம் தீர்மானிக்கிறது. புல்லாங்குழலின் நீளத்தை மாற்றாமல் அதன் அடிப்படைச் சுரத்தை மாற்ற முடியுமா? அதுபோலத்தான் இதுவும். பூட்டு எண்ணால் ஆனது, எண்ணால் திறக்கலாம். கேட்கும் திறன் பொருளால் ஆனது. அதை எண் மாற்றாது.

எனவே ஆயிரம் ரூபாய் கொடுக்குமுன் கருவியின் மாடல் எண்ணைக் குறித்துக்கொண்டு, அதன் விவரக் குறிப்பில் என்னென்ன பட்டைகள் உள்ளன என்று பாருங்கள். 3, 5, 8, 40 ஆகியவற்றில் பலவும் இருந்தால் பூட்டைத் திறப்பது பயனுள்ளது. ஒன்றுகூட இல்லையென்றால் பணத்தைப் பத்திரப்படுத்துங்கள். 5 மட்டும் இருந்தால், உங்கள் பகுதியில் உங்கள் நிறுவனம் அந்தப் பட்டையில் சேவை தருகிறதா என்று முதலில் கேட்டறியுங்கள்.

சட்டம் என்ன சொல்கிறது?

தாம் வாங்கிய பொருளின் பூட்டைத் தாமே திறக்கலாமா என்ற வழக்கு அமெரிக்காவில் பல ஆண்டுகள் நடந்தது. பதிப்புரிமை பற்றிய 1998-ஆம் ஆண்டுச் சட்டம் இதற்குத் தடையாக இருந்தது. 2006-இல் கைபேசிகளுக்கு விலக்கு கிடைத்தது. 2013 ஜனவரிக்குப் பின் வாங்கிய கைபேசிகளுக்கு அது இல்லாமற்போயிற்று. லட்சத்துக்கும் மேற்பட்டோர் கையொப்பமிட்டு முறையிட்டனர். 2014 ஆகஸ்ட் 1-இல் அதிபர் ஒபாமா கையெழுத்திட்ட சட்டம் அந்த உரிமையை மீட்டுத் தந்தது. 2015-இல் ஹாட்ஸ்பாட் கருவிகளும் பெயர் குறிப்பிட்டுச் சேர்க்கப்பட்டன. கனடாவில் 2017 டிசம்பர் முதலும், பிரிட்டனில் 2021 டிசம்பர் முதலும் நிறுவனங்கள் பூட்டிய கைபேசிகளை விற்கக் கூடாது.

ஓர் எச்சரிக்கை. பூட்டைத் திறப்பது வேறு, ஐ.எம்.இ.ஐ. எண்ணை மாற்றுவது வேறு. பின்னது நம் நாட்டில் குற்றம். 2017-ஆம் ஆண்டின் விதிகள் அதைத் தடை செய்தன; 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டமும் அதைத் தடை செய்கிறது. எண்ணை மாற்றித் தருவதாக எவரேனும் சொன்னால் கருவியைத் திரும்ப வாங்கிக்கொண்டு வந்துவிடுங்கள். வேறு மென்பொருளை ஏற்றிப் பூட்டை உடைப்பதாகச் சொல்பவரிடமும் கவனம் தேவை. பொருந்தாத மென்பொருள் ஏறினால், கருவி உயிரற்ற செங்கல்லாகிவிடும்.

செய்ய வேண்டியவை

முதலில் பட்டைகளைப் பாருங்கள். அவை பொருந்தினால் அண்ணனுக்கே எழுதி, கருவியை விற்ற நிறுவனத்திடம் சாவி எண்ணைக் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். கணக்கு அவர் பெயரில் இருப்பதால் அவர் கேட்பதே எளிது. கருவிக்குப் பாக்கி இருக்கக் கூடாது. ஐ.எம்.இ.ஐ. எண்ணை லூன் கணக்கால் சரிபார்த்து அனுப்புங்கள். வந்த சாவியை நிதானமாக ஒரே முறையில் பிழையின்றி இடுங்கள்.

பூட்டு திறந்த பின்னும் இணையம் வரவில்லையா? பதறாதீர்கள். கருவியின் அமைப்புப் பக்கத்தில் ‘ஏ.பி.என்.’ என்ற கட்டம் இருக்கும். இணையத்துக்குள் நுழையும் வாயிலின் பெயர் அது. அதில் பழைய நிறுவனத்தின் வாயில் பெயரே நிற்கும். அதை நீக்கி உங்கள் நிறுவனத்தின் பெயரை ஆங்கில எழுத்தில் இடுங்கள். ஜியோவுக்கு ‘ஜியோநெட்’, பி.எஸ்.என்.எல்.லுக்கு ‘பிஎஸ்என்எல்நெட்’ என்பன போல.

அடுத்த முறை வெளிநாட்டிலிருந்து யாரேனும் “என்ன வாங்கி வரட்டும்?” என்று கேட்டால், பூட்டில்லாத கருவியாகவும் நம் பட்டைகளை அறிந்த கருவியாகவும் பார்த்து வாங்கச் சொல்லுங்கள்.