இலவசப் படத்துக்குப் பலன் கணக்கு

மாடு வாங்குகிறவர் பல்லைப் பிடித்துப் பார்க்காமல் பணம் கொடுப்பதில்லை. ஆராய்ச்சித் தகவல்களைச் சேர்த்து வைக்க ஒரு நாடு கோடிக்கணக்கில் செலவிடும்போது, யாருக்கு என்ன பலன் என்று கேட்பதும் நியாயமே. விடை சொல்ல வேண்டுமானால் கணக்கு ஒழுங்காக இருக்க வேண்டும். அமெரிக்காவின் லேண்ட்சாட் துணைக்கோள் படங்கள் இதற்கு நல்ல உதாரணம்.

முதல் லேண்ட்சாட் 1972 ஜூலையில் ஏவப்பட்டது. அன்று முதல் பயிர், காடு, நீர்நிலை ஆகியவற்றின் படங்கள் சேமிக்கப்பட்டு வருகின்றன. 1980களின் நடுவில் விற்பனை ஒரு தனியார் கம்பெனியிடம் போயிற்று. படம் ஒன்றின் விலை 4,000 டாலருக்கு மேல் ஏறியது. 1999ல் ஏவப்பட்ட லேண்ட்சாட் 7ன் படங்களை அரசே 600 டாலருக்குக் கொடுத்தது. அப்போதும் அதிகபட்ச விற்பனை நாளொன்றுக்குச் சுமார் 53 படங்கள்தாம். 2008ல் எல்லாம் இலவசம் என்று முடிவாயிற்று. பின்னர் நாளொன்றுக்குச் சராசரி 5,700 படங்கள் போயின. விலை குறைந்தால் வாங்குவோர் கூடுவர் என்பது சந்தைக்குப் போகிற எவருக்கும் தெரியும். ஆனால் நூறு மடங்கு!

ஆயினும் எத்தனை வண்டி எரு போயிற்று என்பது வேறு, எத்தனை மூட்டை விளைந்தது என்பது வேறு. ஆகவே படம் வாங்குவோரிடமே விசாரித்தனர். எந்த வேலைக்குப் பயன்படுகிறது, இலவசம் இல்லாவிட்டால் எவ்வளவு கொடுப்பீர்கள் என்று கேட்டனர். அந்த வகையில் 2011ஆம் ஆண்டின் பலன் சுமார் 219 கோடி டாலர் என்று மதிப்பிட்டனர். இது கொடுப்பேன் என்று சொன்ன பணமே. கொடுத்த பணம் அல்ல. அந்த அளவிலேயே எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஐடஹோவின் தண்ணீர்

கண்ணுக்குத் தெரிந்த பலன் ஐடஹோ மாநிலத்தில் கிடைத்தது. அங்கு ஸ்னேக் நதிச் சமவெளியில், கிணற்றுப் பாசனத்தார் இறைப்பதால் ஊற்றும் ஆறும் வற்றுகின்றன என்று முன்னுரிமை பெற்ற கால்வாய்ப் பாசனத்தார் வழக்காடி வந்தனர். யார் எவ்வளவு நீர் எடுத்தார் என்று அறிய ஒவ்வொரு பம்பையும் அளப்பது பெருஞ்செலவு. மண்பானையில் நீர் கசிந்து ஆவியாகும்போது பானை குளிர்கிறது. பயிரும் அப்படித்தான். லேண்ட்சாட்டின் வெப்பக் கருவி வயலின் சூட்டை அளக்கிறது. அதிலிருந்து பயிர் செலவிட்ட நீரைக் கணக்கிடும் முறையை ஐடஹோ பல்கலைக்கழகத்தார் உருவாக்கினர்.

கணக்குச் சரிதானா என்று பார்க்க உதவியவை பழைய எண்கள். கிம்பர்லி என்ற ஊரில் 1989ல் சர்க்கரை பீட் வயலில் மண் தொட்டியை நிறுத்து, பயிர் குடித்த நீரை எழுதி வைத்திருந்தனர். அதே ஆண்டின் லேண்ட்சாட் படங்களும் பத்திரமாக இருந்தன. இரண்டும் பிற்காலத்தில் இப்படிச் சேர்ந்து பயன்படும் என்று 1989ல் எவரும் திட்டமிடவில்லை.

அடுத்த துணைக்கோளுக்கான முதல் திட்டத்தில் வெப்பக் கருவி இடம்பெறவில்லை. மேற்கு மாநிலங்களின் நீர் நிர்வாகிகள் அதனால் நடக்கும் வேலைகளை எடுத்துக் காட்டி வற்புறுத்தினர். 2013 பிப்ரவரியில் லேண்ட்சாட் 8 அந்தக் கருவியுடனேயே ஏறியது. பலனைக் காட்ட முடியாதிருந்தால் அது விடுபட்டே போயிருக்கும்.

அரை ஏக்கர்க்காரருக்கு

லேண்ட்சாட் படங்களை இந்தியாவும் ஹைதராபாத் அருகே ஷாத்நகரில் 1979 முதல் பெறத் தொடங்கியது. ஆனால் நம் சிறு விவசாயி ஒன்றைக் கவனிக்க வேண்டும். படத்தின் ஒரு கட்டம் 30 மீட்டருக்கு 30 மீட்டர். அதாவது சுமார் 22 சென்ட். அரை ஏக்கர் நிலத்துக்கு இரண்டு கட்டங்கள்தாம். லேண்ட்சாட் 8ன் வெப்பக் கருவிக்கோ ஒரு கட்டமே சுமார் இரண்டரை ஏக்கர். உங்கள் நெல்லும், பக்கத்துக்காரர் கரும்பும், வரப்புத் தென்னையும் அதில் ஒன்றாகக் கலந்துவிடும். ஐடஹோவின் பெரிய வயல்களுக்குக் கண்ட பலனை அப்படியே இங்கு எழுதிக்கொள்ள முடியாது. இங்கு இத்தகைய சேவை திட்டமிடுவோர், அரை ஏக்கர்க்காரருக்கு என்ன கிடைக்கும் என்பதைத் தனியாகக் கணக்கிட வேண்டும்.

அந்தக் கணக்குக்கு வயலில் எடுத்த எண்கள் தேவை. விதைத்த தேதி, மோட்டார் ஓடிய மணி, அறுவடையில் கிடைத்த மூட்டை ஆகியவற்றைச் சர்வே எண்ணுடன் ஒரு நோட்டில் எழுதி வரலாம். மண் பரிசோதனை அட்டையையும் அதே நோட்டில் ஒட்டி வைக்கவும். யாராவது விவரம் கேட்டு வந்தால் கொடுக்கலாம். முடிவு எப்போது, யார் மூலம் ஊருக்குத் திரும்பி வரும் என்பதையும் அப்போதே கேட்டு எழுதிக்கொள்ளவும்.