மாட்டுக்கும் மணி தெரியும்



சாயங்காலம் தீனி வைக்கிற நேரம் நெருங்கினா போதும். தொழுவத்துல படுத்திருந்த மாடு எழுந்து நின்னு, வாசலைப் பார்த்துக் கத்தும். நீங்க தவிட்டு வாளியைத் தொட்டிருக்கக்கூட மாட்டீங்க. அதுக்கு எப்படித் தெரிஞ்சுது? வெயில் சாய்வதும் ஆள் நடமாட்டமும் ஒரு காரணம். அதற்கும் மேலே, உயிர்களின் உடம்புக்குள்ளேயே ஒரு கடிகாரம் ஓடுகிறது.

1955-ம் ஆண்டு ரென்னர் என்ற ஜெர்மானிய விஞ்ஞானி, பாரிஸ் நகரில் மூடிய அறைக்குள் தேனீக்களைத் தினமும் ஒரே நேரத்தில் சர்க்கரைப்பாகு குடிக்கப் பழக்கினார். பிறகு அவற்றை விமானத்தில் நியூயார்க்குக்குக் கொண்டுபோய், அதேபோன்ற அறையில் வைத்தார். ஊர் மாறியும் தேனீக்கள் ஏமாறவில்லை. கடைசியாகப் பாகு குடித்து 24 மணி நேரம் ஆனதும், பாரிஸ் கணக்குப்படியே வந்து நின்றன.

எலி, ஆடு, மாடு, மனிதன் எல்லோருக்கும் இந்தத் தலைமைக் கடிகாரம் மூளையின் அடிப்பாகத்தில் இருக்கிறது. பகல் வெளிச்சம் கண் வழியாகப் போய் அதைத் தினமும் திருத்தி வைக்கிறது. எலிகளில் அந்தப் பகுதியை அகற்றிய பிறகும், வேளை தவறாமல் தீனி வைத்தால், அந்த நேரத்துக்கு முன்பே அவை பரபரத்தன. ஆக, தீனி வேளைக்கென்று தனிக் கணக்கும் உண்டு.

தாகமும் அப்படித்தான். எலிகள் தூங்கப்போகும் முன், தாகம் இல்லாமலே கூடுதலாகத் தண்ணீர் குடிக்கின்றன. அதைத் தடுத்தால் தூங்கி எழுவதற்குள் உடம்பில் நீர் வற்றிவிடுகிறது. இது 2016-ல் வெளியான ஆராய்ச்சி.

சரி, இதுல நமக்கு என்ன லாபம்?

தீனி, தண்ணி, கறவை மூணுக்கும் வேளை தவறாதீங்க. பழகின நேரத்துல கறந்தா மாடு நிம்மதியா நின்னு பால் சுரக்கும். தாமதமாகி, கொலைப்பசியில அடர்தீவனத்தை அள்ளித் தின்னா வயிற்றில் புளிப்பு ஏறிடும். நேரத்தை மாத்தித்தான் ஆகணும்னா, தினம் கால் மணி நேரமாத் தள்ளிப் பழக்குங்க.

முக்கியமான விஷயம் ஒண்ணு. தினமும் வேளைக்கு எழுந்து கத்துற மாடு ஒருநாள் பேசாமப் படுத்திருந்தா, "பசியில்லை போல"ன்னு விட்டுடாதீங்க. காது சில்லுன்னு இருக்கா, காய்ச்சல் அடிக்குதா, அசை போடுதான்னு பார்த்து, உடனே கால்நடை மருத்துவரிடம் காட்டுங்க. வாயில்லா ஜீவன் நோயைச் சொல்லாது. அதன் வேளை தப்பினதுதான் நமக்குச் சேதி.