உங்களுக்குத் தெரியுமா? மெட்ராஸ் தோட்ட மாளிகைகள்!

அடையாறு கிரீன்வேஸ் சாலையில் அரசு இசைக் கல்லூரி இருக்கிறதே, அந்தக் கட்டடம் ஒரு வெள்ளைக்காரரின் தனி வீடு! கிழக்கிந்தியக் கம்பெனி ஊழியர் ஜேம்ஸ் பிராடி ஆற்றங்கரையில் 11 ஏக்கரில் கட்டியது. வேலை முடிந்தது 1798இல். கோட்டை மாதிரியே பல் பல்லாக வெட்டிய கைப்பிடிச் சுவர், கோபுரங்கள் எல்லாம் உண்டு. எந்த எதிரியைத் தடுக்க? யாரையும் இல்லை. எல்லாம் பந்தாவுக்குத்தான்!

அதே பிராடி, வீடு கட்டிய சில வருடங்களிலேயே படகு கவிழ்ந்து இறந்துபோனார். எந்த ஆற்றில்? வாசலில் ஓடிய அதே அடையாற்றில்!

1956இல் அங்கே சங்கீதம் குடியேறியது. வீட்டுக்குப் புதுப் பெயர் 'தென்றல்'! இன்று அந்த வளாகத்தில் ஒரு பல்கலைக்கழகமே இயங்குகிறது. மயிலாப்பூர் ராமகிருஷ்ண மடம் சாலைக்கு முன்பு என்ன பெயர் தெரியுமா? பிராடீஸ் ரோடு!

டி.டி.கே. சாலை? அது முன்பு மௌப்ரேஸ் ரோடு! 1771இல் மெட்ராஸ் வந்த ஜார்ஜ் மௌப்ரே, கம்பெனி அரசாங்கத்தின் கணக்கர். கணக்கர் வீட்டுத் தோட்டம் எவ்வளவு? 105 ஏக்கர்! உச்சியில் ஒரு கும்மட்டம் வைத்துக் கட்டிய அந்த வீடுதான் இன்றைய மெட்ராஸ் கிளப். சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கியிருப்பார், நம்புவோம்!

இதைக் கேளுங்கள். அடையாறு பிரம்மஞான சபையின் தலைமையகம் 1882இல் என்ன விலைக்குக் கிடைத்தது? சுமார் 9,000 ரூபாய்! ஹட்டில்ஸ்டன் தோட்டம் என்று பெயர். 27 ஏக்கர் நிலம், பெரிய பங்களா, ஆற்றோரம் இரண்டு சின்ன பங்களாக்கள், குதிரை லாயம், நீச்சல் குளம் எல்லாம் சேர்த்துத்தான் அந்த விலை!

ஏன் இவ்வளவு மலிவு? ரயில்! நீலகிரி அடிவாரம் வரை தண்டவாளம் போட்டுவிட்டார்கள். துரைமார்கள் எல்லோரும் வெயிலுக்குப் பயந்து ஊட்டிக்கு ஓடினார்கள். மெட்ராஸ் மாளிகைகளை வாங்க ஆளில்லை! சபையை நிறுவிய பிளாவட்ஸ்கி அம்மையாரும் கர்னல் ஆல்காட்டும் வந்தார்கள், வாங்கினார்கள், அதோடு விடவில்லை. மொட்டை மாடியில் அறை எழுப்பினார்கள். கூடத்தைப் பெரிதாக்கினார்கள். 1886இல் ஒரு நூலகமும் வந்தது. 27 ஏக்கர் இன்று 250 ஏக்கருக்கும் மேல்!

சரி, இந்த வீடுகளின் சுவர் ஏன் அப்படிப் பளபளத்தது? வந்து பார்த்த வெள்ளைக்காரர்கள் சலவைக்கல் என்றே நினைத்தார்கள். சலவைக்கல்லா? சுத்தச் சுண்ணாம்பு! அதுவும் கடற்கரைக் கிளிஞ்சலைச் சுட்டு எடுத்தது!

அதன் பக்குவத்தைக் கேட்டால் இது சமையல் குறிப்புப் பக்கமோ என்று சந்தேகம் வரும். முதல் பூச்சில் வெல்லத் தண்ணீர். கடைசிப் பூச்சுக்கு, மாவு மாதிரி அரைத்த சுண்ணாம்பு ஒரு பறை (அந்தக் கால முகத்தல் அளவு). பத்துப் பன்னிரண்டு முட்டையின் வெள்ளைக்கரு. அதற்கு மேல் நெய், தயிர்! சில கொத்தனார்கள் மாக்கல் தூளும் சேர்ப்பார்கள். பூசி முடித்ததும் வழவழப்பான கல்லால் தேய், தேய் என்று தேய்க்க வேண்டும். அப்புறம் சுவருக்கு வியர்க்கும்! ஆமாம், ஈரம் முத்து முத்தாகக் கசியும். ஓர் ஆள் துணியோடு நின்று, அது அடங்கும் வரை துடைத்துக்கொண்டே இருக்க வேண்டும். முகம் பார்க்கலாம் போல மின்னுவது அதற்குப் பிறகுதான்!

தலைக்கு மேலே? மெட்ராஸ் டெரஸ்! கம்பி இல்லை, சிமென்ட் இல்லை. தேக்கு உத்தரங்களுக்கு மேல் குட்டிக் குட்டிச் செங்கல்களைச் செங்குத்தாக, சாய்வரிசையில் நிறுத்தி, சுண்ணாம்பால் ஒட்டிவிடுவார்கள். செங்கல்லின் கனம் 1 அங்குலம்தான்! அடியில் முட்டுப் பலகைகூட வேண்டாம்! அதற்கு மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கட்டையால் தட்டித் தட்டி இறுக்குவார்கள். அதன் மேல் தட்டோடு. இந்தக் காலத்து மாடி பத்து வருடத்தில் ஒழுகுகிறது, இதை யாரிடம் போய்ச் சொல்ல!

சாந்தோமில் லீத் காசில் தெரு இருக்கிறது, காசிலைக் காணோமே என்று தேடியிருக்கிறீர்களா? பழைய பீரங்கி அரண் இருந்த இடத்தில் எழுந்த வீடு அது. அங்கே குடியிருந்தவர் மேஜர் ஜெனரல் ஜேம்ஸ் லீத். மிச்சம் இருப்பது பெயர்ப்பலகை!

கிண்டி ஆளுநர் மாளிகை தொடங்கியது 1670களில்! கவர்னர் லாங்ஹார்ன் கட்டிய ஓய்வு வீடு அது. விற்று, கைமாறி, 19ஆம் நூற்றாண்டில் மறுபடி அரசாங்கத்திடமே வந்தது. கவர்னர்கள் ஆளுக்கொரு பக்கம் இழுத்துக் கட்டினார்கள். அதைச் சுற்றியிருந்த காட்டிலிருந்து வெட்டிக் கொடுத்ததுதான் ஐ.ஐ.டி. வளாகம், 600 ஏக்கருக்கு மேல்! மிச்சத்தில் ஒரு தேசியப் பூங்கா. நகரத்துக்குள் வெளிமான் துள்ளுகிறது!

ராஜாஜி மண்டபத்தைக் கட்டியவர் யார்? ஒரு வானியல் அறிஞர்! பகலில் கட்டடம், இரவில் நட்சத்திரம் என்று இருந்த ஜான் கோல்டிங்ஹாம். பிற்பாடு கோட்டையிலும் பரங்கிமலையிலும் சுட்ட பீரங்கிச் சத்தத்தை வைத்து ஒலியின் வேகத்தையே அளந்துவிட்டார்! மண்டபம் திறந்தது 1802இல். விருந்து சாப்பிடக் கட்டிய இடம் அது. அண்ணா, எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, கலைஞர் என்று நம் தலைவர்களுக்கு மக்கள் கடைசி அஞ்சலி செலுத்தியதும் அங்கேதான்.

அதைக் கட்டச் சொன்ன கவர்னர் எட்வர்ட் கிளைவ், ராபர்ட் கிளைவின் மகன். அவர் மனைவியின் பிறந்த வீட்டுச் சொத்து வேல்ஸ் நாட்டின் பவிஸ் கோட்டை. 13ஆம் நூற்றாண்டிலிருந்து இடித்துக் கட்டி, மாற்றிக் கட்டி வந்த மாளிகை. அங்கே இன்றும் பத்திரமாக இருப்பது திப்பு சுல்தானின் சீட்டித் துணிக் கூடாரம்! ஒரு காலத்தில் அதைத் தோட்ட விருந்துக்குப் பந்தலாகப் போட்டார்களாம். என்ன நெஞ்சழுத்தம்!

ராஜாஜி மண்டபத்துக்குப் பக்கத்தில் இருந்த பழைய அரசினர் மாளிகை 2008இல் இடிபட்டது. அங்கே எழுந்த சட்டமன்றக் கட்டடம் 2010 மார்ச்சில் திறந்தபோது உச்சிக் கும்மட்டம் தயாராகவில்லை. என்ன செய்தார்கள்? சினிமா கலை இயக்குநர் தோட்டா தரணி செட் போட்டுக் கொடுத்தார்! 2014இல் அந்தச் சட்டமன்றம் மருத்துவமனை ஆனது!

கடைசியாக ஒன்று. மெட்ராஸ் கவர்னர் தாமஸ் பிட் இங்கே 48,000 வராகன் கொடுத்து ஒரு பட்டை தீட்டாத வைரம் வாங்கினார், எடை 410 காரட்! 1717இல் பிரான்சுக்கு விற்றார், 1,35,000 பவுண்டு! அந்தக் காசில் இங்கிலாந்தின் கார்ன்வாலில் போகானக் என்ற மாளிகையை வளைத்துப் போட்டார். பேரன் ஒருவர், கொள்ளுப்பேரன் ஒருவர் என்று அந்தக் குடும்பத்தில் இரண்டு பிரதமர்கள்! வைரம் இப்போது பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில். பட்டை தீட்டிய பிறகும் 140 காரட்!