திருத்தச் சீட்டும் கணிப்பொறியும்

இரயில் நிலையங்களில் பொது விதிகளும் துணை விதிகளும் அடங்கிய விதிநூல் ஒன்று உண்டு. விதியில் மாறுதல் நேருங்கால் மேலிடத்திலிருந்து திருத்தச் சீட்டு வரும். அதனை உரிய பக்கத்தில் ஒட்டுவதோடு கடமை தீர்வதில்லை. வேலை செய்வோர் அதனைப் படித்தறிந்தமைக்குக் கையொப்பமும் இடவேண்டும். பாறசாலையில் புதிய விதியும் குழித்துறையில் பழைய விதியும் நடக்குமாயின், இடையே ஓடும் வண்டியின் கதி யாதாகும் என்பதை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இன்று அலுவலகக் கணிப்பொறிகளுக்கும் இத்தகைய திருத்தச் சீட்டுகள் வருகின்றன. ‘அப்டேட்’ என்று வழங்கும் புதுப்பிப்புகளே அவை. மென்பொருளை ஆக்கியோர், அதில் ஓர் ஓட்டை இருப்பதைக் கண்டால் அதனை அடைக்கும் திருத்தத்தை அனுப்புகின்றனர். விண்டோஸ் மென்பொருளுக்கு இது மாதந்தோறும் இரண்டாம் செவ்வாய்க்கிழமையில் வருவது 2003-ஆம் ஆண்டு முதல் உள்ள வழக்கம். வீட்டில் ஒரே கணிப்பொறி இருப்பின் காரியம் எளிது. பல கிளைகளில் ஆயிரம் கணிப்பொறிகள் ஒரே வலையில் பிணைந்திருப்பின், திருத்தம் அத்தனைக்கும் போய்ச் சேர்ந்ததா என்று பார்ப்பது பெரும் பொறுப்பாகும்.

இது வல்லுநரின் கவலையன்றோ, நமக்கென்ன என்று நேயர் வினவலாம். 1956 நவம்பர் 1-ஆம் நாள் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன; நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. அன்று முதல் நம் குடும்பங்களில் பிறப்பு ஒருபுறம், பிழைப்பு ஒருபுறம். பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கவும், உறவினர் நிலத்தில் உரிமை காட்டவும் நாம் சான்றிதழோடு எல்லையைக் கடக்கிறோம். பஞ்சாயத்து அலுவலகத்துப் பிறப்புப் பதிவும், கிராம அலுவலகத்து வரி இரசீதும், ரேஷன் கடையில் விரல்ரேகை பதியும் பொறியும் இன்று வலையில் பிணைந்தவையே. பதிவேடு தலைநகரில் பத்திரமாக இருப்பினும், அதனை எட்டிப் பார்க்கும் மேசைக் கணிப்பொறி முடங்கினால், கூலி வேலைக்குச் செல்பவர் ஒருநாள் ஊதியத்தை இழந்து வெறுங்கையோடு திரும்ப நேரும்.

அவ்வாறு முடங்கியதற்கு உலகறிந்த சான்று ஒன்று உண்டு. 2017 மார்ச் 14-ஆம் நாள் மைக்ரோசாப்ட் நிறுவனம் விண்டோஸில் இருந்த கொடிய ஓட்டை ஒன்றுக்குத் திருத்தம் வெளியிட்டது. இரண்டு மாதங்கள் கழிந்தன. மே 12-ஆம் நாள் ‘வான்னாகிரை’ என்னும் தீநிரல் அதே ஓட்டையின் வழியே நுழைந்தது. கோப்புகளைப் பூட்டிவிட்டு, திறக்க 300 டாலர் மதிப்புள்ள பிட்காயின் கொடு என்று அது மிரட்டியது. ஒரு கணிப்பொறியில் புகுந்தால், யாரும் தொடாமலே வலைவழி அடுத்ததற்குத் தாவும் ஆற்றல் அதற்கு இருந்தது. சில நாட்களில் 150 நாடுகளில் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்ட கணிப்பொறிகள் பாதிக்கப்பட்டன. இங்கிலாந்தின் அரசு மருத்துவ நிர்வாகங்கள் 236-இல் குறைந்தது 81-க்குப் பாதிப்பு நேர்ந்தது. நோயாளிகளுக்கு மருத்துவர் குறித்திருந்த நேரங்கள் ஆயிரக்கணக்கில் நீக்கப்பட்டன. கேரளத்திலும் வயநாட்டுத் தரியோடு பஞ்சாயத்து அலுவலகத்துக் கணிப்பொறிகளும், நம் தென்னக இரயில்வேயின் பாலக்காட்டுக் கோட்ட அலுவலகத்துக் கணிப்பொறிகள் சிலவும் அதற்கு இரையாயின. மருந்து வந்தும் உண்ணாதிருந்த நோயாளியின் நிலை இது.

அங்ஙனமாயின், திருத்தம் வந்த மாத்திரத்தில் எல்லாக் கணிப்பொறிகளிலும் ஏற்றிவிடுவதே அறிவுடைமை என்று கருதத் தோன்றும். அதுவும் பிழையே. 2024 ஜூலை 19-ஆம் நாள் கிரவுட்ஸ்டிரைக் என்னும் பாதுகாப்பு நிறுவனம், நம் நேரப்படி காலை 9 மணி 39 நிமிடத்துக்கு ஒரு சிறு புதுப்பிப்பை உலகெங்கும் ஒருசேர அனுப்பியது. அதில் பிழை இருந்தது. 78 நிமிடங்களில் அது திரும்பப் பெறப்பட்டது. ஆயினும் அதற்குள் ஏறத்தாழ 85 இலட்சம் கணிப்பொறிகள் நீலத்திரை காட்டி நின்றுவிட்டன. இயங்காத கணிப்பொறிக்கு வலைவழியே மருந்து அனுப்புவது அரிதாகையால், பலவற்றை ஊழியர் ஒவ்வொன்றாகக் கையால் சீர்செய்ய வேண்டியதாயிற்று. நம் நாட்டு விமான நிலையங்களிலும் பயணச் சீட்டைக் கையால் எழுதிக் கொடுத்தனர். காக்க வந்த திருத்தமே கேடாக முடிந்தது.

இவ்விரண்டிலிருந்தும் நாம் அறிவது ஒன்றே. தாமதமும் ஆகாது, ஒருசேர வாரி இறைப்பதும் ஆகாது. நன்கு நடக்கும் நிறுவனங்களில் திருத்தம் முதலில் மையக் கணிப்பொறி ஒன்றில் இறங்கும். அங்கிருந்து சோதனைக்கென வைத்த சில கணிப்பொறிகளுக்கும், அவை ஒழுங்காக ஓடினால் ஒரு கிளைக்கும், பின்னர் ஏனையவற்றிற்கும் செல்லும். மக்கள் கூடாத வேளையில் இதனைச் செய்வர். பழைய நிலைக்குத் திரும்பும் வழியையும் முன்னரே அமைத்துக்கொள்வர். முடிவில் எந்தக் கணிப்பொறி பெற்றது, எது பெறவில்லை என்ற பட்டியல் மையத்துக்கு வரும். இரவில் அணைத்து வைத்ததும், மீண்டும் தொடக்காமல் விட்டதும் அப்பட்டியலில் அகப்படும். விதிநூலின் கையொப்பத்துக்கு ஒப்பானது இப்பட்டியலே. அஃதின்றேல் அனுப்பியதற்கு மட்டுமே கணக்கு உண்டு; பெற்றதற்குக் கணக்கு இல்லை.

நம் பகுதியில் அச்சகம், தனிப்பயிற்சிப் பள்ளி, சிறு கடை நடத்தும் அன்பர்கள் இரண்டு மூன்று கணிப்பொறிகளேனும் வைத்திருப்பர். அவர்களும் இம்முறையைக் கைக்கொள்ளலாம். ஒரு குறிப்பேட்டில் ஒவ்வொரு கணிப்பொறிக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, புதுப்பித்த நாளைக் குறித்து வருக. பொறுப்பு இன்னாருடையது என்று ஒருவரை நியமிக்க. முக்கியக் கோப்புகளுக்குப் படி எடுத்து, கணிப்பொறியோடு இணைக்காத தனித் தட்டில் காத்து வைக்க. முதலில் ஒன்றில் ஏற்றி, நாள் இரண்டு பார்த்து, மற்றவற்றில் ஏற்றுக. விண்டோஸ் 10-க்கு உரிய வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிவுற்றது என்பதையும் நினைவிற்கொள்க; திருத்தம் பெறாத பழைய மென்பொருளில் கணக்கை வைப்பது தாழில்லாப் பெட்டியில் நகையை வைப்பதற்கு ஒப்பாகும்.

அலுவலகச் சாளரத்தில் “சிஸ்டம் அப்டேட் ஆகிறது, சற்றுப் பொறுங்கள்” என்று சொன்னால் நாம் சினம் கொள்ளவேண்டியதில்லை. அந்தச் சிறு காத்திருப்பு நம் பதிவுகளுக்குக் காவலாகும். ஆனால் அதனைப் பகற்பொழுதில், மக்கள் வரிசையில் நிற்கையில் செய்வானேன் என்று பணிவோடு கேட்கும் உரிமையும் நமக்கு உண்டு. எல்லையின் இருபுறமும் சான்றிதழை நம்பி வாழும் நமக்கு, அதனைத் தரும் கணிப்பொறியின் நலமும் ஊர்க் காரியமே.