பித்தளைக் கோதும் அதன் காலமும்

ஒரு பொருளின்மேல் ஆண்டு பொறிக்கப்பட்டிருப்பின் அதுவே அப்பொருளின் வயதெனக் கொள்ளுதல் இயல்பு. அக்கொள்கை எவ்விடத்தும் செல்லாது. திருகோணமலைக் கோட்டை வாயிலிற் பதிந்துள்ள கல்வெட்டை நோக்குக. போர்த்துக்கேயர் பதினேழாம் நூற்றாண்டிற் கோணேசர் கோயிலை இடித்து, அதன் கற்களாற் கோட்டை கட்டினர். அக்கல்லின் எழுத்தைக் கொண்டு கோட்டையின் காலத்தைத் துணிவார் உளராயின் நகைப்புக்கே இடமாவர். பழைய துப்பாக்கித் தோட்டாக்களைப் பொறுத்தவரை இத்தவறு இன்றும் நிகழ்கின்றது.

நம்மவர் துவக்கு என்று வழங்கும் துப்பாக்கிகளுள் 303 எனப்படுவது இலங்கையிற் படையினரிடத்தும் பொலிசாரிடத்தும் நெடுங்காலம் இருந்தது. அதன் தோட்டாவின் பித்தளைக் கோது, நூற்றுக்கு எழுபது பங்கு செம்பும் முப்பது பங்கு நாகமும் கலந்தது. கோதின் அடியிற் செய்த ஆலையின் குறியெழுத்தும் ஆண்டின் ஈற்று இரண்டு இலக்கங்களும் இருக்கும். கே. எவ். என்பது பூனாவுக்கு அண்மையிலுள்ள கிர்க்கி ஆலை, எம். எவ். என்பது ஆஸ்திரேலியாவின் புட்ஸ்கிறே.

போர் முடிந்தபின் மிஞ்சிய கோதுகள் வீணே கிடக்கவில்லை. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாகாணத்திற் படைத்துறை அளவினதான துப்பாக்கியைக் குடிமக்கள் வைத்திருத்தல் தடுக்கப்பட்டிருந்தது. எனவே வேட்டையாடுவோர் 303 கோதின் கழுத்தை ஒடுக்கி, கால் அங்குலக் குண்டு பொருந்துமாறு செய்துகொண்டனர். அடியோ பழைய படைத்துறை அடி; கழுத்தோ புதியது.

இவ்வாறு மாற்றியமைத்ததை எங்ஙனம் அறிவது? முதலில் வாயை அளந்து பார்த்தல் வேண்டும். 303 கோதிற் செல்லும் குண்டு ஏறத்தாழ 7.9 மில்லிமீற்றர் விட்டமுடையது; வாய் ஆறரை மில்லிமீற்றரளவே இருப்பின் ஐயத்திற்கு இடமில்லை. ஒடுக்கும்போது உலோகம் நெருங்குவதாற் கழுத்தின் சுவர் தடிக்கும். படைத்துறைத் தோட்டாக்கள் பலவற்றிற் குண்டை இறுக்கக் கழுத்திலிட்ட சிறு குத்துத் தழும்புகள் தெரியும். மாற்றியவற்றில் அவை மழுங்கியோ மறைந்தோ போகும். அடியிற் பற்றுமூடியைச் சூழ்ந்த ஊதா நிற அரக்கு இல்லாமையும் ஒரு குறிப்பேயாயினும், அரக்கு காலத்தாலும் உதிருமாதலின் அதனைமட்டும் நம்புதல் கூடாது. வெறுங்கோதாயின் உள்ளே நோக்குக. பிரித்தானியக் கோதுகளிற் பெரும்பாலும் இரு சிறு துளைகள். கனடாவினவற்றில் நடுவே ஒரு துளை. ஒற்றைத் துளையுள்ளவை மறுபடி நிரப்புதற்கு எளியன. ஆதலின் அவற்றையே முதலில் ஐயுறுதல் தகும். (குண்டோடு கூடிய தோட்டாவை நிலத்திற் கண்டால் இவ்வாராய்ச்சி வேண்டா, தொடாது பொலிசாருக்கு அறிவித்தலே முறை.)

கழுத்திற் காணும் வெடிப்பையும் சிலர் மாற்றத்திற்குச் சான்றாகக் காட்டுவர். ஈண்டு இந்திய வரலாறொன்று உண்டு. பிரித்தானிய இந்தியாவில் மாரிகாலத்திற் படை நடமாட்டம் குறைய, தோட்டாக்கள் குதிரை லாயங்களிற் சேமிக்கப்பட்டன. மழை ஓய்ந்தபின் எடுத்துப் பார்த்தால், குண்டைப் பற்றியிருந்த கழுத்துப் பாகமே பெரிதும் பிளந்திருந்தது. வெடிமருந்தையும் வெயிலையும் நொந்துகொண்டோர்க்கு விடை 1921 இலேதான் கிடைத்தது. மூர், பெக்கின்சேல், மல்லின்சன் என்பார் அதனை விளக்கினர்: குதிரைச் சிறுநீரினின்றெழும் அமோனியா ஒரு காரணம், குளிர்நிலையில் இழுத்து உருவாக்கிய பித்தளையுள் எஞ்சி நிற்கும் தகைப்பு மற்றொரு காரணம். இரண்டும் கூடினாலன்றி இப்பிளவு தோன்றாது. மிதமாகச் சூடாக்கின் தகைப்புத் தணியும். ஒடுக்கிய கழுத்தைச் சூடாக்காது விட்டாலும் இதே தகைப்பு எஞ்சும். எனவே வெடிப்பானது மாற்றிய கோதிலும் உண்டு, மாற்றாத கோதிலும் உண்டு. தனித்து நின்று எதனையும் நிறுவாது.

பல காலத்துப் போர்ப்பொருள்கள் கலந்து கிடக்கும் எம் குடாநாட்டில், கோதொன்றைக் கொண்டு ஓரிடத்து நிகழ்ச்சிக்கு ஆண்டு கூறுவோர் இதனை மனங்கொள்ளல் வேண்டும். அடியில் 43 என்றிருப்பின், அது 1943 க்கு முன்னர் அங்கு விழவில்லை என்பது மட்டுமே திண்ணம். பாடசாலைக் காட்சியறையில் வைப்போர் சீட்டில் ‘1943 ஆம் ஆண்டுத் தோட்டா’ என்னாது, ‘1943 ஆம் ஆண்டுக் கோது, கழுத்து பின்னர் மாற்றப்பட்டது, மாற்றிய காலம் தெரியவில்லை’ என்று எழுதுவாராக.