ஸ்பீக்கருக்கு அடியில் என்ன இருக்க வேண்டும்?

சென்னையின் மேற்குப் புறநகர் இயந்திர அதிர்வோடு நெடுங்காலம் பழகிய நிலப்பகுதி. 1856இல் இராயபுரத்துக்கும் வாலாஜா ரோட்டுக்கும் இடையே திறக்கப்பட்ட, தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில்பாதை அம்பத்தூர், ஆவடி வழியாகவே செல்கிறது. ஆவடியில் 1961இல் கனரக வாகனத் தொழிற்சாலையும், அம்பத்தூரில் 1964இல் தொழிற்பேட்டையும் அமைந்தன. பூந்தமல்லியைத் தொட்டுச் செல்லும் பெங்களூரு நெடுஞ்சாலையில் லாரிகள் இரவிலும் ஓய்வதில்லை. இப்பகுதியின் பட்டறைகளில் ஒரு கம்ப்ரசரையோ பவர் பிரஸ்ஸையோ நிறுத்தும்போது, அதன் எடையையும் ஓடும் வேகத்தையும் கணக்கிட்டுத்தான் அடியில் வைக்கும் ரப்பர் மவுண்ட் முடிவு செய்யப்பட வேண்டும் என்பது தொழிலறிந்தவர்களுக்குத் தெரிந்த விதி. வீட்டு ஸ்டீரியோவுக்கும் இதே விதி பொருந்தும் என்பதும், அது மறக்கப்படும்போது ஸ்பீக்கருக்கு அடியில் வைக்கப்படும் பஞ்சும் ரப்பரும் வெறும் அலங்காரமாகிவிடுகின்றன என்பதும் கவனத்துக்குரியவை.

பெட்டி எப்படி அதிர்கிறது?

வூஃபரின் கூம்பு காற்றை முன்னோக்கித் தள்ளும்போது, நியூட்டனின் மூன்றாம் விதிப்படி அதற்குச் சமமான விசை பெட்டியைப் பின்னோக்கித் தள்ளுகிறது. அசையும் கூம்பின் எடை 20 கிராம், பெட்டியின் எடை 8 கிலோ எனக் கொண்டால், கூம்பின் அசைவில் 400இல் ஒரு பங்கு அளவுக்கே பெட்டி அசையும். இது மிகச் சிறிய அசைவுதான். ஆனால் பெட்டி நிற்கும் பரப்பு அகலமாகவும் இலேசாகவும் இருந்தால், அப்பரப்பே இன்னொரு ஸ்பீக்கராக மாறி, இசையில் இல்லாத ஒரு மொத்தையான முழக்கத்தைச் சேர்த்துவிடும். எனவே முதலில் கேட்கப்பட வேண்டியது, பெட்டிக்கு அடியில் வைக்க எந்த ரப்பர் பாதத்தை வாங்குவது என்பதன்று, அடியில் உள்ள பரப்பு எவ்வளவு எளிதில் அதிரும் என்பதே.

மேலைநாடுகளின் மரத்தள வீடுகளில் தரையே அவ்வாறு அதிர்வதால், அங்கு பெட்டியின் அதிர்வு தரைக்குச் செல்லாமல் துண்டிக்கும் அதிர்வுப் பிரிப்பு பெரும் மாற்றத்தைத் தருகிறது. அம்பத்தூரிலோ ஆவடியிலோ உள்ள அடுக்குமாடி வீட்டின் 5 அங்குலக் கான்கிரீட் தளம் ஒரு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 300 கிலோ எடையுள்ளது. சிறிய ஸ்பீக்கரால் அதை அசைப்பது அரிது. இவ்வீடுகளில் குற்றவாளி பெரும்பாலும் தரையன்று, ஸ்பீக்கரைத் தாங்கும் பிளைவுட் ஷோகேஸும் கண்ணாடித் தட்டும்தான்.

எடையே அளவுகோல்

ஸ்பீக்கருக்கு அடியில் பொருத்தப்படும் கூர்முனை ஆணிகள் அதிர்வைத் துண்டிப்பதாகப் பலர் எண்ணுகின்றனர். உண்மையில் அவை பெட்டியைத் தரையோடு இறுக்கமாக இணைக்கின்றன. கம்பளத்தின் மீது பெட்டி ஆடாமல் நிற்க உதவும் அவை, டைல்ஸ் தரையில் கீறலைத்தான் விட்டுச்செல்லும். அதிர்வைத் துண்டிக்க ஸ்பிரிங் தன்மை தேவை. ஸ்பிரிங்கின் மீது நிற்கும் எந்த எடைக்கும், தட்டிவிட்டால் தானாக ஆடும் வேகம் ஒன்று உண்டு. இதுவே இயல் அதிர்வெண் எனப்படுவது. பெட்டியின் எடையால் பாதம் 1 மில்லிமீட்டர் அமுங்கினால் அது ஏறத்தாழ 16 ஹெர்ட்ஸ், 4 மில்லிமீட்டர் அமுங்கினால் 8 ஹெர்ட்ஸ். ரப்பரில் இது சற்றுக் கூடுதலாகவே அமையும். இயல் அதிர்வெண்ணைப் போல 1.4 மடங்குக்கு மேற்பட்ட ஒலிகளில்தான் பிரிப்பே தொடங்குகிறது. மூன்று மடங்கை எட்டும்போது அதிர்வில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கே கீழே இறங்குகிறது. இயல் அதிர்வெண்ணிலேயோ அதிர்வு குறைவதற்கு மாறாகப் பெருகுகிறது.

60 கிலோ வாஷிங் மெஷினுக்காகச் செய்யப்பட்ட ரப்பர் பாதம் 6 கிலோ ஸ்பீக்கருக்கு அடியில் பயன்படாமல் போவது இதனால்தான்: அது அமுங்குவதே இல்லை. மாறாக, அளவுக்கு மீறி மென்மையான பஞ்சு முழுதும் நசுங்கிப்போய் ஸ்பிரிங் தன்மையை இழந்துவிடும். 30 சென்டிமீட்டர் சதுரமும் 2 சென்டிமீட்டர் கனமும் கொண்ட கிரானைட் துண்டு ஏறத்தாழ 5 கிலோ இருக்கும். அதை ரப்பருக்கும் 8 கிலோ பெட்டிக்கும் இடையே வைத்தால் ரப்பர் கூடுதலாக அமுங்கி, இயல் அதிர்வெண் ஐந்தில் ஒரு பங்கு குறையும்.

இசைத்தட்டின் சிக்கல்

இசைத்தட்டுக் கருவியில் அதிர்வு எதிர்த்திசையில் வருகிறது. தரையிலிருந்து ஏறும் அசைவையும் ஊசி இசையாகவே படித்துவிடுகிறது. லாரிப் போக்குவரத்தால் நிலத்தில் எழும் அதிர்வு பெரும்பாலும் 10 முதல் 25 ஹெர்ட்ஸ் வரையில் அமைவதால், சென்னை–திருவள்ளூர் நெடுஞ்சாலையை ஒட்டிய வீட்டில் 16 ஹெர்ட்ஸ் இயல் அதிர்வெண் கொண்ட பாதம் நிலைமையை மோசமாக்கவும் கூடும். அத்தகைய இடத்தில் உறுதியான சுவரில் அறையப்பட்ட தாங்குபலகை, ரப்பர் பாதத்தைவிட நம்பகமானது.

எல்லைகள்

அதிர்வுப் பிரிப்பால் தீராத குறைகளும் உண்டு. 10 அடி அகலம், 12 அடி நீளம், 10 அடி உயரம் கொண்ட அறையில் அகலமும் உயரமும் சமமாக இருப்பதால், இரண்டின் ஒத்ததிர்வும் ஏறத்தாழ 57 ஹெர்ட்ஸில் ஒன்றுசேர்ந்து, அந்தச் சுருதியை மட்டும் வீங்கச் செய்கின்றன. இது காற்றில் நிகழ்வது. ரப்பருக்கு இதில் பங்கில்லை. பெட்டியை மூலையிலிருந்து நகர்த்துவதும் கேட்பவரின் இருக்கையை மாற்றுவதுமே மருந்து. அவ்வாறே சப்வூஃபருக்கு அடியில் வைக்கும் பாதம், தளத்தின் வழியே கீழ்வீட்டுக்கு இறங்கும் பங்கை மட்டுமே குறைக்கும். காற்றின் வழியே சென்று தளத்தைத் தட்டும் ஒலிக்கு, ஒலியளவைக் குறைப்பதைத் தவிர எளிய வழியில்லை.

ஜெர்மனியின் ஆகன் பல்கலைக்கழகம் உருவாக்கிய ‘ஃபைஃபாக்ஸ்’ என்ற இலவசச் செயலி, செல்போனின் அசைவுணரியைக் கொண்டு அதிர்வை அளக்கிறது. போனை ஷோகேஸ் மீது வைத்து, ஒரே தாழ்ந்த சுருதியை ஒரே அளவில் ஒலிக்கச் செய்து, பாதம் வைப்பதற்கு முன்னும் பின்னும் ஒப்பிட்டால், செலவிட்ட பணம் வேலை செய்கிறதா என்பது தெரிந்துவிடும். முதலில் ஸ்பீக்கரை ஷோகேஸிலிருந்து இறக்கிக் கனமான ஸ்டாண்டில் நிறுத்துவதும், அடுத்து அதன் இடத்தைச் சரிசெய்வதும், அதன் பின்னும் அதிர்வு எஞ்சினால் மட்டும் எடைக்கேற்ற பாதத்தை வாங்குவதுமே முறையான வரிசை. இவற்றுள் முதலிரண்டும் பல வீடுகளில் மூன்றாவதன் தேவையையே இல்லாமல் செய்துவிடும்.