கல்லாவில் அமர்ந்தபடியே ஆங்கிலம்

மதுரையிலிருந்து தேக்கடி செல்லும் வெளிநாட்டுப் பயணிகள் தேனி, உத்தமபாளையம், கம்பம் வழியாகவே போகிறார்கள். திராட்சைப் பந்தலைக் கண்டால் வண்டியை நிறுத்துகிறார்கள். ஏலக்காய்க் கடை கண்ணில் பட்டால் இறங்கி வருகிறார்கள். அவர்களிடம் பேசத்தான் நமக்கு வாய் இல்லை.

ஒரு நாள் நம் கடைக்கு ஒரு தம்பதி வந்தார்கள். ஏலக்காயைக் கையில் எடுத்து, “இந்தப் பச்சை சாயமா?” என்று கேட்டார்கள். மர நிழலில் விளைந்த காயைப் பழுக்கும் முன் பறித்து, ஸ்டோரில் பக்குவமான சூட்டில் காய வைப்பதால் நிற்கும் நிறம் அது. நாற்பது வருடமாக நாம் அறிந்த விஷயம். ஆனால் சொல்ல வார்த்தை வரவில்லை, சிரித்து வைத்தோம். அவர்கள் காயைத் தட்டில் வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். பதில் தெரியாதவன் மௌனமும், தப்பு செய்தவன் மௌனமும் வாடிக்கையாளருக்கு ஒன்றுதான்.

“பிள்ளைகள் பேசிக்கொள்வார்கள்” என்போம். ஆங்கிலம் படித்த பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் இருக்கிறார்கள். சரக்கின் விவரம் தெரிந்த நாம்தான் இங்கே கல்லாவில் இருக்கிறோம்.

அறுபதுக்கு மேல் நாக்கு வளையுமா என்று தயங்க வேண்டாம். லாட், கிரேடு, ரேட், டெலிவரி, 8 மில்லிமீட்டர் போல்ட் என்று தினமும் பேசுவது எந்த மொழி? போடியில் ஏலக்காய் ஏலம் கணினிக்கு மாறியபோது பெரியவர்களும் அதைப் பழகிக்கொள்ளவில்லையா?

பக்கத்திலேயே உதாரணம் உண்டு. பெரியார் புலிகள் காப்பகத்தில் திருட்டுத்தனமாக வயணப் பட்டை உரித்துப் பிழைத்தவர்கள், 1990களின் பிற்பகுதியில் சூழல் மேம்பாட்டுத் திட்டத்தின் கீழ் பயணிகளுக்குக் காடு காட்டும் வழிகாட்டிகள் ஆனார்கள். அவர்களுக்கு முதலாக இருந்தது பட்டப்படிப்பு அல்ல, காட்டைப் பற்றிய அறிவு. அந்தக் காப்பகத்தின் சுற்றுலாத் திட்டங்களில் நம் பள்ளத்தாக்கின் வயல்களையும் தோட்டங்களையும் மாட்டுவண்டியில் சுற்றிக் காட்டுவதும் இடம்பெற்றது.

சொல்வதற்கு நம்மிடம் குறைவில்லை. கம்பம் பன்னீர் திராட்சை 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. கர்னல் பென்னி குவிக் கட்டிய முல்லைப் பெரியாறு அணை 1895 முதல் நம் வயலுக்குத் தண்ணீர் தருகிறது. லோயர் கேம்ப்பில் அவருக்கு மணிமண்டபம் இருக்கிறது. நம் வீடுகளில் அவர் படம் ஏன் மாட்டியிருக்கிறது என்பதை இங்கிலாந்திலிருந்து வருபவருக்கு நம்மைவிட யார் நன்றாகச் சொல்ல முடியும்?

ஆகவே வியாபாரப் பெருமக்களுக்கு ஒரு யோசனை. கடை அடைத்த பின் வாரம் இரு நாள், ஒரு மணி நேரம் சங்கக் கட்டிடத்தில் கூடுவோம். ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவரை அழைப்போம். இலக்கணம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். வணக்கம் சொல்ல, விலை சொல்ல, தரம் விளக்க, வழி காட்ட இருபது வாக்கியங்கள் முதலில் போதும். இருபத்தொன்றாவதாக, “இது சாயம் அல்ல” என்பதையும் கற்றுக்கொள்வோம்.